முன் பிரேக்கைச் சொல்லிக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பைக் மோகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் சாகிறார்கள், கேட்டாலும் பெற்றோர் வாங்கித் தரக் கூடாது என்று முடித்திருந்தீர்கள். 26 வருடமாக வண்டி ஓட்டுகிறவன், இரண்டு முறை விழுந்து எழுந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு முறையும் நான் வேகமாகப் போகவில்லை. முதல் தடவை முப்பதைக்கூடத் தாண்டியிருக்காது. வளைவில் சாய்ந்து திரும்பும்போது சாலையில் மணல். பதறிப்போய் முன் பிரேக்கை ஒரே பிடியாக இறுக்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, காதுக்குப் பக்கத்தில் ஹெல்மெட் தார்ச்சாலையில் உரசிக்கொண்டு போகிற சத்தம்தான். இரண்டாவது தடவை, எதிரே வந்த கார் எனக்குக் குறுக்கே திரும்பியது. "உங்களைப் பார்க்கவே இல்லை சார்" என்றார் ஓட்டியவர். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. பழைய ஆய்வுதான். ஆனால் படித்தால் நேற்று எழுதியது போல இருக்கும். வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் வழிவிடாததால் நடந்தவை. விபத்துக்குச் சற்று முன் பைக்குகள் போன வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர்; அதாவது பாதி வண்டிகள் அதற்கும் குறைவாகத்தான் போயிருக்கின்றன. சீறிப் பாய்கிற வேகமா இது? சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவே பழகியவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். ஆபத்து வந்தபோது பெரும்பாலானோர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைத் தேய்த்திருக்கிறார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவே இல்லை.

எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்." அதனால் தொடாமலே பழகினேன், பயத்தில் தொட்ட அன்று விழுந்தேன். உண்மையில் பிரேக் பிடித்ததும் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது, முன் டயர்தான் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. வண்டி நேராக இருக்கும்போது, மெதுவாக அழுத்தத் தொடங்கி, பிறகு இறுக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கைக்கு அது பழக, நூறு தடவையாவது செய்து பார்க்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள வண்டி சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சரி, பிடிக்க வேண்டியது நம் கைதானே?

(ஹெல்மெட் பற்றி நீங்கள் எழுதியது சரி. வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்களையும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.)

இவ்வளவு தெரிந்தும் ஏன் ஓட்டுகிறாய் என்று என் மனைவி கேட்பாள். நாள் முழுக்க மண்டையைக் குடைந்த விஷயம், மூன்றாவது கியர் விழுவதற்குள் காணாமல் போய்விடுகிறது. மரங்கள் அடர்ந்த இடத்தைக் கடக்கும்போது சட்டென்று முழங்கையில் குளிர் ஏறும். மழை வருவதற்கு முன்பே மண்வாசனை வந்துவிடும். வளைவில் நான் பார்க்கிற பக்கம் வண்டியும் சாய்ந்து போகும். காருக்குள் உட்கார்ந்தால் இதில் ஒன்றும் கிடைக்காது. சுற்றிலும் ஒரு தகடு இல்லாததால்தான் இவ்வளவு சுகம், அடிபடுவதும் அதனால்தான். ஒன்றை விட்டு ஒன்றை மட்டும் வாங்க வழியில்லை.

என் மகளும் இப்போது வண்டி கேட்கிறாள். உங்கள் கட்டுரையை அவளிடமும் காட்டினேன், படித்துவிட்டுச் சிரித்தாள். வாங்கித் தரப்போகிறேன். முதல் இரண்டு வாரம் காலி மைதானத்தில் பிரேக் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்