கப்பல் விருந்துக்குக் குழந்தைகளுக்குக் கோட் வேண்டாம், காலர் சட்டை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் தங்கள் நாளிதழில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் வருகின்றன. 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று புறப்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கைக்கும் போனது. சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், மெரினா பே முனையத்தில் கப்பல் ஏறும் சென்னைக் குடும்பங்களும் ஏராளம். டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் கேள்வி, "ராத்திரி டின்னருக்குக் குழந்தைக்கு என்ன போடுவது?" என்பதுதான். யாரும் தெளிவாகச் சொல்லாததால், பாண்டி பஜாரில் கோட்-சூட்டும் சௌகார்பேட்டையில் நெட் கவுனும் வாங்கி, ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வருகிறார்கள். குழந்தைகளுக்குத் துணி தைப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதைப் பற்றி விவரமாக எழுதுவது உதவியாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில், கப்பல்காரர்கள் உண்மையில் கேட்பது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். சாப்பாட்டுக்குக் கப்பலில் பொதுவாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பஃபே, இன்னொன்று மேசைக்கு வந்து பரிமாறும் பெரிய உணவுக்கூடம். பஃபேயில் அரை டிராயர், டி-ஷர்ட் எல்லாம் போகலாம். நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் மட்டும் கூடாது. உடை விதி என்று பேசுவதெல்லாம் அந்தப் பெரிய கூடத்துக்குத்தான். அங்கேயும் சாதாரண இரவுகளில் பையனுக்குக் காலர் வைத்த சட்டை, முழு பேன்ட், மூடிய ஷூ. பெண்ணுக்கு ஒரு நல்ல ஃபிராக்கோ சுடிதாரோ போதும். விழா இரவு என்று தனியாக அறிவிப்பார்கள். 3 முதல் 5 இரவுப் பயணமென்றால் பொதுவாக ஒன்று, 7 இரவென்றால் இரண்டு. பெரியவர்கள் கோட் போடுவது அன்றைக்குத்தான். சின்னப் பிள்ளைகள் கோட் போடவில்லை என்று வாசலில் நிறுத்துவது வழக்கமில்லை. 15 வயதுப் பையனைப் பெரியவர் கணக்கில்தான் பார்ப்பார்கள். அவனுக்கு அரை டிராயரைத் தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊர் உடை போடலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: தாராளமாகப் போடலாம். உடை விஷயத்தில் கண்டிப்புக்குப் பெயர் போன க்யூனார்ட் கப்பல்களிலேயே விழா இரவுக்கு அவரவர் நாட்டு விழா உடையை ஏற்கிறார்கள். வேட்டி கட்டியவரைக் கிளப்புகளில் தடுக்கக் கூடாது என்று 2014-ல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டம் வெளிநாட்டுக் கொடியோடு நடுக்கடலில் போகும் கப்பலுக்குப் பொருந்தாது என்றாலும், அங்கே அதற்குத் தேவையும் இல்லை. பட்டுப் பாவாடையும் வேட்டி-சட்டையும் அந்தக் கூடத்தில் கோட்டுக்குச் சமமான விழா உடைகள்தான்.

ஆனால் அதை எப்படித் தைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்யாணத்துக்குத் தைத்த பட்டுப் பாவாடையை அப்படியே எடுத்துப் போனால் மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

முதலாவது நீளம். கல்யாண மண்டபத்தில் தரையைத் தொடும் பாவாடை அழகு. கப்பலில் படிக்கட்டுகள் அதிகம். அறைக் குளியலறையின் வாசற்படியும் தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும். கப்பல் லேசாக ஆடும் நேரத்தில் குழந்தை பாவாடையை மிதித்தால் தலைகுப்புற விழும். இடுப்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை அளந்து, அதில் 2 அங்குலம் குறைத்துத் தையுங்கள். ஏற்கெனவே தைத்த பாவாடை என்றால் பார்டரை வெட்ட வேண்டாம். பார்டருக்கு மேலே உள்பக்கமாக ஒரு டக் (மடிப்பு) பிடித்துப் பெரிய தையலாகப் போட்டால் போதும். ஊருக்குத் திரும்பியதும் பிரித்துவிடலாம்.

இரண்டாவது நாடா. நாடா கட்டிய பாவாடை, நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் நழுவும். நழுவாமல் இருக்க அம்மா இறுக்கிக் கட்டினால், சாப்பிட்ட பின் வயிற்றை அழுத்தும். இடுப்பில் சிவப்பாகத் தடம் விழும். கப்பல் கழிப்பறையில் அவசரத்துக்கு முடிச்சும் அவிழாது. இதற்கு, பாடி (இடுப்புக்கு மேலே சேர்த்துத் தைக்கும் உள்சட்டை) வைத்துத் தைத்த பாவாடைதான் சரி. மெல்லிய மல்மல் துணியில் கையில்லாத பாடி, பாவாடையின் எடை முழுவதும் தோளில் தொங்க வேண்டும். மார்பளவுக்கு மேல் 3 அங்குலம் தளர்ச்சி விடுங்கள். பின்பக்கம் கொக்கிக்குப் பதில் 3 பெரிய பட்டன் வையுங்கள்; நாற்காலியில் சாயும்போது கொக்கி முதுகில் பதியும். சுற்றளவு 2 மீட்டர் இருந்தாலே 5, 6 வயதுக் குழந்தைக்கு நன்றாக விரியும். அதற்கு மேல் போனால் இடுப்பில் கொசுவம் தடித்துப்போய், உட்காரும்போது உறுத்தும்.

மூன்றாவது ஜரிகை. சட்டையின் கைப் பார்டரில் வரும் ஜரிகை அக்குளுக்குக் கீழே உராய்ந்துகொண்டே இருக்கும். குழந்தை சாப்பிடாமல் சிணுங்குவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். சாப்பாடு பிடிக்கவில்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். கை லைனிங்கை ஜரிகையைவிடக் கால் அங்குலம் வெளியே நீட்டி மடித்துத் தைத்தால் ஜரிகை தோலில் படாது. கடைக்காரரிடம் வாங்கிய ஆயத்தச் சட்டையிலும் இதைப் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

பையனுக்கு வேட்டி என்றால் வெல்க்ரோ வைத்து ஒட்டுவது நல்லது. இடுப்பில் எலாஸ்டிக்கும் சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெல்க்ரோ மட்டும் என்றால் நாலைந்து முறை துவைத்ததும் நூலும் பஞ்சும் அடைத்துப் பிடிப்பு போய்விடும்; பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தால் ஓரளவு திரும்பும். உள்ளே அவசியம் ஒரு டிராயர் போடுங்கள். திறந்த மேல்தளத்தில் கடற்காற்று பலமாக அடிக்கும். வேட்டியோ பாவாடையோ, போட்டோ எடுப்பதைக் கப்பலுக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, பெரும்பாலானோர் நினைத்தே பார்க்காதது: குளிர். கோட் போட்ட பெரியவர்களுக்குத் தோதாக அந்தக் கூடத்தில் ஏசி ஓடும். கையில்லாத நெட் கவுன் போட்ட குழந்தை சூப் வருவதற்குள் நடுங்கும். முழுக்கை வைத்த மெல்லிய பருத்தி ஸ்வெட்டர் ஒன்று, எந்த உடைக்கும் பொருந்தும் நிறத்தில், கைப்பையிலேயே இருக்க வேண்டும். கிரீம் நிறம் அழுக்கைக் காட்டும்; அடர் நீலம் அல்லது மெரூன் நல்லது. பாவாடைக்கு அடியில் லெக்கிங்ஸ் போட்டுவிடுங்கள், வெளியே தெரியாது.

கோட்-சூட்டை நாங்கள் வேண்டாம் என்பதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. சிறுவர்களுக்கு வரும் மூன்று அடுக்கு சூட் பெரும்பாலும் பாலியஸ்டர் துணியும் பாலியஸ்டர் லைனிங்கும்தான். வியர்வையை உறிஞ்சாது. நீச்சல் குளத்தில் ஆடிவிட்டு வந்த பையன் அதற்குள் புழுங்குவான். கழற்றினால் ஏசியில் குளிர்வான். வெஸ்ட் கோட் பட்டன்கள் மேசை விளிம்பில் இடிக்கும். போ டையின் எலாஸ்டிக் கழுத்தை அறுக்கும். அடுத்த ஆண்டு தோள்பட்டை போதாது. அதைப் பிரித்துப் பெரிதாக்க உள்தையலில் துணியும் விட்டிருக்க மாட்டார்கள். நெட் கவுனில் விரிந்து நிற்பதற்காக உள்ளே கொடுக்கும் கேன்-கேன் என்ற விறைப்பான வலைத்துணி அடுக்கு இதைவிட மோசம். நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பக்கம் மேசை உயரத்துக்கு எழும்பி நிற்கும், தொடையைச் சொறியும், ஒட்டிய மினுமினுப்பு தட்டில் உதிரும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கேன்-கேனைப் பிரித்தெடுத்துவிட்டு, ஒரு பருத்தி உள்பாவாடை கொடுத்துப் போடலாம்.

ஷூவுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடக் கறுப்பு ஷூவே போதும். பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கி எடுத்துப் போங்கள். காலுக்குப் பழகியது, ரப்பர் அடி, வழுக்காது. புதிய பார்ட்டி ஷூவின் வழவழப்பான அடி, கப்பலின் நடுக்கூடத்துப் பளிங்குத் தரையில் சறுக்கும். பள்ளிச் சீருடையின் சாம்பல் அல்லது நீல நிற பேன்ட்டும் அப்படியே உதவும். மேலே ஒரு நல்ல கட்டம் போட்ட சட்டை மட்டும் புதிதாக எடுத்தால் போதும். வெள்ளைச் சட்டை வேண்டாம்; காரணம் கறை.

சிங்கப்பூர் கப்பல்களிலும் நம் ஊர்க் கப்பலிலும் இந்தியச் சாப்பாடு உண்டு. பருப்பும் மஞ்சள் போட்ட குழம்பும் வெள்ளைத் துணியில் விழுந்தால், சோப்புப் பட்டதும் சிவக்கும். பயந்து மேலும் தேய்க்காதீர்கள். சோப்பின் காரத்தால் மஞ்சள் நிறம் மாறுவதுதான் அது. நிறைய தண்ணீரில் அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சத்தைப் போக்குவது வெயில். ஆனால் கப்பலில் அறைப் பால்கனியில் துணி காயப்போட விடமாட்டார்கள், காற்றில் பறந்துவிடும்; அதை ஊருக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டில் எண்ணெய்க் கறை விழுந்தால் தண்ணீரே தொடாதீர்கள், தண்ணீர்த் தடம் தனியாக விழும். டிஷ்யூ வைத்து ஒற்றி எடுத்து, டால்கம் பவுடர் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் மென்மையாகத் தட்டிவிடுங்கள். மீதியை ஊரில் டிரைகிளீனிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

வராமல் தடுப்பது எளிது. மேசையில் வைக்கும் துணி நாப்கின் பெரியதாக இருக்கும். அதை முக்கோணமாக மடித்துக் குழந்தையின் மார்பில் விரித்து, இரண்டு முனைகளையும் கழுத்துக்குப் பின்னால் துணி கிளிப் ஒன்றால் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் கழுத்தை இறுக்கும், ஊக்கு குத்தும். வீட்டுக் கொடியில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இஸ்திரிப் பெட்டி எடுத்துப் போக முடியாது. தீ விபத்துப் பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள். அதனால் சுருங்கும் லினனும் கஞ்சி போட்ட பருத்தியும் ஒத்துவராது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த சட்டைத் துணி நல்லது. பட்டுத் துணியை மடிக்காமல் பழைய பருத்தித் துண்டோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். ஜரிகை உடையாது. போய்ச் சேர்ந்ததும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, நீர் தெறிக்காத தூரத்தில் சட்டையை 10 நிமிடம் தொங்கவிட்டால் சுருக்கம் ஓரளவு நீங்கிவிடும். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி ஒட்டும். நாலைந்து வாங்கிப் போனால் அடுத்த நாள் உடையை மாட்டி வைக்க வசதி.

முதல் நாள் இரவைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். சில நேரம் சாப்பாட்டு நேரமும் தாண்டும். முன்னிரவுப் பந்தி மாலை 5.30, 6 மணிக்கே தொடங்கும் கப்பல்கள் உண்டு. எனவே முதல் இரவுக்கான சட்டை, பேன்ட், ஷூ, ஸ்வெட்டர் எல்லாம் கையில் எடுத்துப் போகும் பையில் இருக்க வேண்டும். நல்லவேளை, முதல் இரவு விழா இரவாக இருப்பதில்லை. 4 இரவுப் பயணத்துக்குப் பையனுக்கு பேன்ட் 2, சட்டை 3. பெண்ணுக்கு விழா உடை 1, சாதாரண உடை 2, லெக்கிங்ஸ் 2 போதும். 4 வயதுக்குக் கீழே என்றால் மாற்று உடை ஒரு செட் மேசைக்கே வரவேண்டும். சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகள் விளையாட்டு அறைக்கு ஓடுவார்கள். அங்கே பாவாடை உதவாது. லெக்கிங்ஸுக்கு மேல் போட ஒரு டி-ஷர்ட் பையில் இருந்தால் அறைக்குத் திரும்பி மாற்றிவர வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழ் வழியாக, சென்னையில் கப்பல் டிக்கெட் விற்கும் பயண முகவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். டிக்கெட்டோடு தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். எந்த இரவு விழா இரவு, வெள்ளை உடை இரவு போன்ற சிறப்பு இரவுகள் உண்டா, பந்தி எத்தனை மணிக்கு, எதை உள்ளே விடமாட்டார்கள் என்ற நான்கு விவரங்கள் அதில் இருந்தால் போதும். கப்பலுக்குக் கப்பல் இவை மாறும். ஆங்கிலத்தில் நாற்பது பக்க நிபந்தனைகளுக்கு நடுவே உடை விதியைத் தேடிப் படிக்கப் பெற்றோருக்கு நேரமில்லை; தாத்தா பாட்டியோடு கிளம்பும் குடும்பங்களில் துணி எடுத்துவைப்பது பாட்டிகள்தான்.

துணி தைக்கக் கொடுப்பவர்கள் பயணத்துக்கு 3 வாரம் முன்பே கொடுங்கள். தைத்து வந்ததும் குழந்தைக்குப் போட்டுவிட்டு, வீட்டில் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். எங்கே உறுத்துகிறது என்று குழந்தையே சொல்லும். அதைச் சரிசெய்ய ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறுவர் உடை தையற்கலைஞர்கள்,
மயிலாப்பூர், சென்னை - 4.