கோலோடு முடிவதில்லை

ஆசிரியருக்கு,

ஓய்வுபெறும் கால்பந்து ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரரை, பற்றி எழுதும்போது கோல் கணக்கோடு நின்றுவிடுகிறோம். கணுக்காலை யாரும் பார்ப்பதில்லை. நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் வான் பாஸ்டனின் கடைசிப் போட்டி 1993-இல், 28 வயதில். கணுக்கால் தேறாமலே 1995-இல் ஓய்வை அறிவித்தார். அர்ஜென்டினா ஸ்ட்ரைக்கர் பாடிஸ்டுடாவோ கணுக்கால் வலி தாங்காமல், காலை வெட்டிவிடும்படி மருத்துவரிடமே கேட்டவர். ஊசி போட்டு வலியை மரக்கச் செய்து ஆடும்போது குருத்தெலும்பு தேய்வது தெரியாது.

முப்பதைத் தாண்டினால் முதல் சில அடிகளின் வேகம் குறையும். தடுப்பாட்டக்காரரைத் தாண்டி அவருக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்துக்கு ஓடுவதைக் குறைத்து, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள் இடம் பிடிக்கப் பழகியவர்கள்தான் நீடிக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பின் பயிற்சியாளராக வேண்டுமானால், அதற்கான உரிமத்துக்கு ஆடும் காலத்திலேயே படிக்கத் தொடங்கலாம். ஐரோப்பாவில் பி, ஏ, புரோ என்ற உரிம நிலைகளில் ஒவ்வொன்றாக ஏறச் சில ஆண்டுகள் பிடிக்கும். இன்னொன்று: ஓய்வுபெற்றதும் உடற்பயிற்சியை ஒரேயடியாக நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் எடை கூடி, தேய்ந்த மூட்டில்தான் போய் விழும்.

– ஒரு வாசகர்