அம்மாவுக்கு வைத்த கிண்ணம்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இடுப்பு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பாப்பா விவசாயக் கல்லூரியில் சேர்ந்ததை வீட்டில் சொன்னேன், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. மறுபடியும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

இடுப்புக் குழியில் பொருத்தும் உலோகக் கிண்ணத்தின் மாதிரியை டாக்டர் காட்டியதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தாய்: "பவுண்டரியில் ஒரு ஊசித்துளை தெரிந்தாலே வார்த்தெடுத்த காஸ்டிங்கை ஸ்கிராப்பில் போடுகிறோம். அம்மா இடுப்பில் வேண்டுமென்றே துளை போட்ட உலோகத்தை வைத்திருக்கிறார்களே, தாங்குமா?" இப்படித் துளை வைத்த இம்ப்ளான்ட்களை, அதாவது உடம்புக்குள் பொருத்தும் பாகங்களை, வடிவமைப்பதுதான் நான் தினமும் செய்கிற வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காஸ்டிங்கில் துளை எங்கே விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் அது குறை. இங்கே எங்கே துளை, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பக்கத்துத் துளைக்கு வழி உண்டா என்பதெல்லாம் முதலிலேயே முடிவாகிவிடும். எலும்பு வளர்ந்து உள்ளே வர வேண்டிய இடம் அது.

அடுத்த முறை கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பை வெட்டும்போது அதன் முனையைப் பார். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே மெல்லிய எலும்பு இழைகள் பின்னிய வலை. அந்த இழைகள் கண்டபடி ஓடுவதில்லை, சுமை போகும் திசையில் ஓடும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே புத்தகம் எழுதிவிட்டார். சுமை வந்தால் தடிக்கும், நின்றால் கரையும். கெட்டி எலும்பின் விறைப்பு, அதாவது சுமைக்கு வளைந்துகொடுக்காத தன்மை, ஏறக்குறைய 15 முதல் 20 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). நாங்கள் பயன்படுத்தும் டைட்டானியம் கலவைக்கு 110, கோபால்ட் குரோமுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. இவ்வளவு விறைப்பான உலோகம் தொடை எலும்புக்குள் நின்றால் சுமையின் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள எலும்பு வேலையில்லாமல் மெலியும்.

துளை இதற்கும் உதவும். மெல்லிய கம்பிகள் வலைபோலப் பின்னிய அமைப்பை லாட்டிஸ் என்போம். அதில் கம்பிகள் வளைந்து சுமை தாங்கும் வகையில், உலோகத்தின் அளவைக் குறைத்தால் விறைப்பு அதன் வர்க்கமாகக் குறையும். கன அளவில் 30 சதவீதம் மட்டும் உலோகம் இருந்தால், 110-ல் 9 சதவீதம், அதாவது சுமார் 10 ஜிகாபாஸ்கல். எலும்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் அம்மாவுடைய கிண்ணத்தில் முக்கியமான வேலை எலும்பு பிடிப்பதுதான். குடைந்த குழியைவிடக் கிண்ணம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தட்டி இறுக்குவார்கள். சொரசொரப்பான வெளிப்பரப்பு அப்போதைக்குப் பிடித்துக்கொள்ளும். பிறகு எலும்பு துளைக்குள் வளர வேண்டும். அந்தச் சமயத்தில் கிண்ணம் 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். துளை மிகச் சிறிதாக இருந்தால் ரத்தக்குழாய் நுழையாது, மிகப் பெரிதாக இருந்தால் பரப்பும் பலமும் குறையும். பொதுவாக 300 முதல் 600 மைக்ரானுக்குள் வைக்கிறோம். 2007 வாக்கில் இத்தாலியில் உலோகப் பவுடரை எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்ட கிண்ணங்கள் நோயாளிகளுக்குப் போகத் தொடங்கின. அதற்கு முன்பு உலோக மணிகளைச் சூளையில் ஒட்டவைத்த கிண்ணங்கள் பல வருடம் நன்றாகவே உழைத்திருக்கின்றன. என்ன, அதில் துளையின் அளவு மணிகள் நெருங்கி உட்காருகிறபடி அமையும். இப்போது அது நம் கையில் இருக்கிறது.

துளையின் வடிவத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது கைராய்டு. நாசாவில் இருந்த ஆலன் ஷோன் 1970-ல் விவரித்த வளைபரப்பு. கம்பிகளும் முடிச்சுகளும் கிடையாது, தொடர்ந்து வளையும் ஒரே சுவர். கூர்மையான மூலை இல்லாததால் சுமை ஓரிடத்தில் குவிவதும் குறைவு.

கஷ்டமெல்லாம் திரைக்கு வெளியே ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டரில் லாட்டிஸின் 250 மைக்ரான் கம்பி கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். பவுடரை லேசரால் உருக்கி அச்சிடும் மெஷினில் ஒரு அடுக்கு 30 முதல் 60 மைக்ரான், அந்தக் கம்பிக்குக் கிடைப்பது சில அடுக்குகள்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பியின் அடிப்பக்கத்தில் பாதி உருகிய பவுடர் உருண்டைகள் தட்டையில் எள் ஒட்டியதுபோல ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் ஓரமும் விரிசல் பிடிக்கத் தோதான இடம். டைட்டானியம் இந்தக் கீறல்களைப் பொறுத்துக்கொள்ளாத உலோகம். இடுப்பு மூட்டோ வருடத்துக்குச் சுமார் பத்து லட்சம் முறை சுமை வாங்குகிறது. நீ நினைப்பாய், ஹாட் ஐசோஸ்டேட்டிக் பிரஸ்ஸில் (சூடாக்கி எல்லாப் பக்கமும் அழுத்தும் மெஷின்) வைத்தால் போச்சு என்று. அது கம்பிக்குள் மூடிக்கிடக்கும் குமிழிகளை நசுக்கிச் சரிசெய்யும், மேற்பரப்பின் சொரசொரப்பைத் தொடாது. அதற்கு அமிலத்தில் முக்கி எடுக்க வேண்டும். எடுத்தால் கம்பி மெலியும், மெலிவதையும் டிசைனிலேயே சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்புறம் துளைக்குள் தங்கிய பவுடரை முழுக்க வெளியேற்ற வேண்டும். ஒரு துகள்கூட உடம்புக்குள் போகக்கூடாது என்பதால் சிடி ஸ்கேன் எடுத்து உள்ளே பார்க்கிறோம்.

அதனால் இம்ப்ளான்ட் முழுவதையும் லாட்டிஸாக்கிக் காட்டும் படங்களை நான் ரசிப்பதில்லை. தொடை எலும்புக்குள் போகும் தண்டில் சுமை தாங்கும் இடம் கெட்டியாகவே இருக்கட்டும், எலும்பைத் தொடும் இடத்தில் மட்டும் துளை வரட்டும் என்பதுதான் என் கட்சி. விறைப்பைக் குறைக்கிறேன் என்று தண்டையே உடையவிட்டால் அந்த மனிதருக்கு இன்னொரு ஆபரேஷன்.

நீ பயப்படுகிற கிண்ணத்தில் துளை இருப்பது வெளிப்புறம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், அதற்கு அடியில் திட உலோகம் இருக்கிறது. தாங்கும். அம்மா வாக்கரை எப்போது விடலாம் என்பதை டாக்டரே சொல்லட்டும், அவசரப்படுத்தாதே. எலும்பு உள்ளே போய்ப் பிடிக்கச் சில வாரங்களாவது தேவை. அடுத்த செக்கப்பில் எக்ஸ்ரே எடுத்தால் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு. பொங்கலுக்குக் கோவை வருவதாக இருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவை.

அன்புடன்,
பாஸ்கர்