வெட்டியதை ஒட்டுங்கள், ஒட்டியதை வெட்டுங்கள்: ஒரு பதிப்பகத்துக்குத் திறந்த மடல்

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ குறுநாவலை மாணவர் பதிப்பாக வெளியிட்டிருக்கும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம். நடந்தது உங்களுக்கே தெரியும், நீட்டி முழக்கத் தேவையில்லை. முதல் அத்தியாயத்தைத் தூக்கிவிட்டீர்கள். வேலைக்காரப் பையன் கெராசிமை நாலு வரிக்குள் அடைத்துவிட்டீர்கள். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி, ‘நீதி: நேர்மையாக வாழ்ந்தவனுக்குச் சாவு அமைதியாக வரும்’ என்று போட்டுவிட்டீர்கள். வெட்டியதை ஒட்டுங்கள், ஒட்டியதை வெட்டுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி இந்தப் பதிப்பைத்தான் படித்திருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட தாத்தாவை ராத்திரிகளில் பார்த்துக்கொள்வது அவள்தான். “தாத்தா யாரிடமும் ஒரு பைசா லஞ்சம் வாங்கியதில்லை சார். அப்புறம் ஏன் இப்படித் துடிக்கிறார்?” என்று கேட்டாள். நமக்குத் தெரியாமல் என்ன தப்பு செய்திருப்பாரோ என்று யோசிக்கவும் தொடங்கியிருந்தாள். உங்கள் கட்டத்தின் புண்ணியம்.

இவான் இலியிச்சும் லஞ்சம் வாங்காதவர்தான், ஐயா. டால்ஸ்டாய் அதைச் சொல்லியே இருக்கிறார். நீதித்துறையில் நல்ல பதவி, நாலு பேர் மெச்சும் வீடு, சீட்டாட்டம். அந்த வீட்டில் திரைச்சீலையை எப்படி மாட்டவேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறியவர் வழுக்கி, விலாவில் அடிபட்டுக்கொள்கிறார். 45 வயதில், கடைசி மூன்று நாளும் ஓயாமல் அலறிச் சாகிறார். எல்லாம் முறைப்படிதானே செய்தோம், வாழ்ந்த விதம் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்பதுதான் அவரைப் பிடித்து ஆட்டும் கேள்வி. உங்கள் நீதி அந்தக் கேள்வியின் வாயையே அடைத்துவிட்டது.

1886-இல் வந்த இந்தக் கதை சாவுச் செய்தியில் தொடங்குவது சும்மா இல்லை. செய்தி கேட்டதும் சக அதிகாரிகளுக்குத் தோன்றுவது, காலியான இடம் யாருக்கு என்பது. அவர்களில் ஒருவராய்த் துக்கம் விசாரிக்கப் போன பியோத்தர் இவானொவிச்சிடம், அரசாங்கத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெயருமா என்று அழுகைக்கு நடுவே துருவுகிறாள் மனைவி. அவரோ அங்கிருந்து நேரே சீட்டாடப் போகிறார். நம்மையும் இவர்களோடு உட்காரவைத்த பிறகுதான் செத்தவரின் கதையை ஆரம்பிக்கிறார் டால்ஸ்டாய். அதை வெட்டினால் மிஞ்சுவது ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்.

கெராசிம் விஷயம் இன்னும் மோசம். எஜமானர் சாகப்போகிறார் என்பதை மூடி மறைக்காத வேலைக்காரப் பையன் அவன். மலச்சட்டியை முகம் சுளிக்காமல் எடுத்துப் போகிறான். வலி தணியட்டும் என்று அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கி ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், இதைச் செய்தால் என்ன என்பது அவன் நியாயம். இந்தக் கதையின் அறம் அந்தத் தோளில் இருக்கிறது. அந்தப் பெண் தன்னையே பார்த்திருக்க வேண்டிய இடமும் அதுதான்.

இதே வேகத்தில் போனால், நாயகி ரயில் முன் விழுந்து சாகும் ‘அன்னா கரேனினா’வுக்கு ‘தண்டவாளம் ஆபத்தானது’ என்றும், பெரிய அதிகாரி மேல் தும்மல் தெறித்த பயத்திலேயே செத்துப்போகும் செகாவின் குமாஸ்தாவுக்கு ‘கைக்குட்டை அவசியம்’ என்றும் நீதி எழுதிவிடலாம். தஸ்தயெவ்ஸ்கியின் ‘கரமாசோவ் சகோதரர்க’ளில் மடத்துத் துறவியான சோசிமா பெரியவர் இறந்ததும் அற்புதம் நடக்கும் என்று காத்திருக்கிறார்கள், உடம்போ நாற ஆரம்பிக்கிறது. அவருடைய இளம் சீடன் அல்யோஷாவின் நம்பிக்கை ஆட்டம் காண்பது அங்கேதான். உங்கள் கைக்கு வந்தால் சந்தனம் தெளித்துவிடுவீர்களோ? மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி மலிவு விலையில் வந்த ருஷ்ய நாவல்களைப் படித்து வளர்ந்தவன் நான். அவற்றின் வாலில் யாரும் நீதி கட்டிவிட்டதாக நினைவில்லை.

சரி, கோபம் எங்கெங்கோ இழுத்துப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்காகச் சுருக்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருக்கினால் அதை அட்டையில் போடுங்கள். அடுத்த அச்சிலாவது முதல் அத்தியாயமும் கெராசிமும் முழுசாக வரட்டும். வெட்டியதை ஒட்டுங்கள், ஒட்டியதை வெட்டுங்கள். அதுவரை, கையிருப்பில் உள்ள பிரதிகளில் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு விற்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்காக விலையைக் குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்கிய வாசகன்