நீ போட்ட லார்ட் ஹவ் அட்டவணை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய அட்டவணை கிடைத்தது. காலை 7 மணிக்கு இது, 9.30க்கு அது என்று ஏழு நாளையும் கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறாய். உன் ஆஸ்பத்திரி டியூட்டி ரோஸ்டர் மாதிரியே இருக்கிறதாம். நான் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள்.

லார்ட் ஹவ் தீவை நீ தேர்ந்தெடுத்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். எங்களையும் கூப்பிட்டதில் அதைவிட சந்தோஷம். ஆனால் அந்தத் தீவில் உன் அட்டவணை நடக்காது. காற்றும் கடலும் எதற்கு வழிவிடுகின்றனவோ அதுதான் அங்கே அன்றைய வேலை. ஏழு நாளில் மூன்று நாளுக்கு மட்டும் ஏதாவது எழுதி வை, மற்றதைக் காலியாக விடு. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாதத்தை மாற்று. பிள்ளைகளுக்கு லீவு என்று ஜூலையைப் போட்டிருக்கிறாய். பவளப்பாறை இருக்கிறதே, வடக்கே இருக்கும் கெய்ர்ன்ஸ் மாதிரி கதகதப்பாக இருக்கும் என்று நினைத்துவிட்டாய் போல. தீவு இருப்பது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள போர்ட் மக்வாரிக்கு நேர் கிழக்கே, சுமார் 600 கிலோமீட்டர் கடல் தாண்டி. வடக்கிலிருந்து வரும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதால்தான் அவ்வளவு தெற்கே பவளம் வளர்கிறது. தண்ணீருக்குத்தான் அந்த யோகம், வானத்துக்கு இல்லை. ஜூலை அங்கே குளிர்காலம், பகலிலேயே 18, 19 டிகிரிதான் இருக்கும். மழையும் காற்றும் அந்த மாதங்களில்தான் அதிகம். தங்குமிடங்கள் சில குளிர்காலத்தில் மூடியே கிடக்கும். பெர்த்திலிருந்து அத்தனை தூரம் வந்து அறைக்குள் சீட்டாடுவதற்கா? செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கு வரும் லீவில் போகலாம். அப்போதும் கடல் சில்லென்றுதான் இருக்கும், வெட்சூட் போட்டால் சமாளித்துவிடலாம்.

அடுத்தது அறை. நீ முதலில் விமான டிக்கெட்டைத் தேடியிருக்கிறாய். அதைத் தலைகீழாகச் செய். தீவில் ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஊர் மக்கள் தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கூடாரம் போடவும் அனுமதி இல்லை. ஆகவே படுக்கை கிடைத்தால்தான் பயணம். விலையைப் பார்த்து மயங்கி விழாதே. எங்கள் பங்கை நாங்கள் கொடுத்துவிடுவோம், அதில் வாதாட வேண்டாம்.

விமானப் பயணம் சிட்னியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்தான். ஆனால் ஓடுதளம் 900 மீட்டர்கூட இல்லை, சின்ன விமானம்தான் இறங்க முடியும். 1974ல் அந்த ஓடுதளம் போடும்வரை சிட்னியின் ரோஸ் பேயிலிருந்து கடல் விமானம் கிளம்பிப்போய்த் தீவின் காயலில் தண்ணீர்மேலேயே இறங்குமாம். எனக்கு அதில் போக முடியவில்லையே என்ற குறை இன்னும் உண்டு. நாங்கள் போனபோது காற்று பலமாக இருந்ததால் விமானம் தீவுக்கு மேலே வட்டமடித்துவிட்டுச் சிட்னிக்கே திரும்பிவிட்டது. மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போதும் அப்படி நடக்கலாம். எனவே ஞாயிறு மாலை வந்து இறங்கி, திங்கள் காலை டியூட்டி என்று வைத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் பெர்த் போகலாம், அம்மாவுக்கும் அதுதான் ஆசை. பெட்டியின் எடைக்கும் கட்டுப்பாடு கடுமை. ஆளுக்கு நாலு ஜோடி செருப்பு எல்லாம் வேண்டாம்.

ஷூக்களை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவி எடுத்துவா. மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக் கூடாது. காரணத்தை முகிலுக்குச் சொல், அவனுக்குப் பூச்சி என்றால் உயிர் ஆயிற்றே. வெளியிலிருந்து வருவது எதுவும் அந்தத் தீவை நாசமாக்கிவிடலாம். 1918ல் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. அதிலிருந்து எலிகள் நீந்திக் கரையேறின. சில வருஷங்களுக்குள் அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஐந்து வகைப் பறவைகள் அடியோடு அழிந்தன. உள்ளங்கையைவிட நீளமாக வளரும் கறுப்புக் குச்சிப்பூச்சி ஒன்றும் இருந்தது, அதுவும் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2001ல், தீவுக்குத் தென்கிழக்கே 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலிலிருந்து செங்குத்தாக எழும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரு புதருக்கடியில் அதே பூச்சி உயிரோடு இருந்தது! அங்கிருந்து கொண்டுவந்த ஜோடியை வைத்துத்தான் மெல்போர்ன் விலங்குக் காட்சிசாலையில் பெருக்கினார்கள். 2019ல் தீவு முழுக்க விஷம் வைத்து எலிகளை ஒழித்தார்கள். அந்த வருஷம் வுட்ஹென் என்ற பறக்கத் தெரியாத பழுப்புப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் பத்திரப்படுத்தி, வேலை முடிந்தபின் விட்டார்கள். 1970களில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த இனம் அது. இப்போது பாதையோரமெல்லாம் மேய்கிறது. சின்னவள் கையில் பிஸ்கட்டோடு நின்றால் பக்கத்தில் வந்து நிற்கும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வை.

சரி, அந்த மூன்று நாளுக்கு வருகிறேன். ஒன்று மாப்பிள்ளையின் மலை. மவுண்ட் கவுர் 875 மீட்டர், போய்வர எட்டு மணி நேரம் ஆகும், உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது. ஓரிடத்தில் கடலுக்கு மேலே செங்குத்தான பாறையோரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நீ அதைக் குடும்பத்தோடு போவதாகப் போட்டிருக்கிறாய்! பிள்ளைகள் வேண்டாம், நானும் வேண்டாம். மாப்பிள்ளை மட்டும் போகட்டும். உச்சியில் மேகக் காடு. அங்கே நின்று கூவினால் ப்ராவிடன்ஸ் பெட்ரல் என்ற கடற்பறவைகள் என்ன சத்தம் என்று பார்க்க வந்து காலடியிலேயே விழும். மார்ச்சிலிருந்து நவம்பர்வரை அவை அங்கே இருக்கும். மழை வந்தால் ஏற்றத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், ஆகவே வாரத் தொடக்கத்திலேயே பெயர் கொடுக்கச் சொல்.

இன்னொன்று நெட்ஸ் பீச். முழங்கால் தண்ணீரில் நின்றாலே பெரிய பெரிய மீன்கள் காலைச் சுற்றிவரும். அங்கேயே மீன் தீனி விற்கும், அதைத்தான் போட வேண்டும், ரொட்டி கூடாது. நீந்தும் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் ஒரு கொட்டகையில் கிடக்கும். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட வேண்டியதுதான். மூன்றாவது நாளுக்குக் காயலில் அடியில் கண்ணாடி பதித்த படகு, அலை அமைதியாக இருந்தால்.

மற்ற நாளெல்லாம் சைக்கிள். தீவு 11 கிலோமீட்டர்கூட நீளமில்லை. வண்டிகளுக்கே வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்தான், பிள்ளைகளைத் தைரியமாக முன்னால் விடலாம். ஹெல்மெட் கட்டாயம். நம் ஊர் மால்களில் தொட்டியில் நிற்கிறதே கென்ஷியா பனை, அதன் சொந்த ஊர் அதுதான். அங்கே காடாகவே நிற்கும். கைபேசி சிக்னலை நம்பாதே. முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதிக்கொள். இன்னொரு வேடிக்கை, அந்தத் தீவின் கடிகாரம் குளிர்காலத்தில் சிட்னியைவிட அரை மணி முன்னால் ஓடும். கோடை நேரம் தொடங்கியதும் சிட்னி ஒரு மணி தள்ளிவைக்க, அவர்கள் அரை மணி மட்டும் தள்ளிவைத்து ஒன்றாகிவிடுவார்கள்.

சாப்பாடு அம்மாவின் இலாகா. சமையலறை உள்ள இடமாகப் பார். சரக்குக் கப்பல் அடிக்கடி வராது, கடையில் காய் இருந்தால் இருக்கும், விலையும் கூடத்தான். அரிசி, பருப்பு, பருப்புப்பொடி, ஊறுகாய் எல்லாம் நாங்கள் எடுத்துவருகிறோம். தொட்டியோடு கறிவேப்பிலைச் செடியையும் கொண்டுவருவேன் என்கிறாள், நான் தடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசி வாரமா, அக்டோபர் முதல் வாரமா என்று மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். இரண்டுக்குமே அறை விசாரிக்கிறேன், எது கிடைக்கிறதோ அதில் போவோம்.

அன்புடன்,
அப்பா