தகப்பன் பெயருக்குக் கீழே மூன்றாவது கட்டம்

ஆசிரியர் அவர்கட்கு,

பல்கலைக்கழக மாணவர்களின் விவரங்களை எல்லாம் ஓரிடத்தில் திரட்டி, அவற்றைக் கொண்டு உயர்கல்விக் கொள்கையை வகுக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் அந்த விவரங்கள் எந்த மேசையில் பிறக்கின்றன என்பதைக் கட்டுரையாளர் பார்த்திருக்கமாட்டார் போலிருக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வருமான அத்தாட்சி, வதிவிட அத்தாட்சி என்று எத்தனை பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கொழும்பில் கணினித் திரையில் இன்று ஏறி நிற்கும் எண்களில் கொஞ்சம் என்னுடைய நீலப் பேனையிலிருந்து போனவை.

2018 அளவில் ஒரு தாய், மகனுடைய உதவிப்பணப் படிவத்தோடு வந்தார். பொடியனுக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் கிடைத்திருந்தது. படிவத்தில் தகப்பன் பெயருக்குக் கீழே இரண்டு கட்டம்: உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார். தகப்பனை, போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டவர் இந்தத் தாய். எதற்கு அடையாளம் போட என்று கேட்டேன்.

"செத்திட்டார் எண்டு என்ர கையால போடமாட்டன் ஐயா. உயிரோட எண்டு போட்டால் அவற்ற சம்பளச் சீட்டைக் கேப்பினம்."

அடிமட்டம் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் கீறினேன். பக்கத்தில் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதி, கையொப்பமிட்டு, சீல் குத்திக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டு: 'உரிய கூட்டில் மட்டும் அடையாளமிடவும்.' இத்தனைக்கும் நாட்டின் சட்டம் அந்த மூன்றாவது கட்டத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு வருசம் ஆகியிருந்தது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொடுக்க 2016இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் சட்டம் போட்டார்கள். பாராளுமன்றத்துக்குத் தெரிந்தது படிவம் அச்சடித்தவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தத் தாய் எதற்கு அடையாளம் போட்டார் என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒன்றுக்குப் போட்டிருக்கிறார், பணம் வந்தது. எதற்குப் போட்டிருந்தாலும் அந்தத் தரவு பொய்.

அடுத்தது வருமானம். 'குடும்பத்தின் ஆண்டு வருமானம்' என்று ஒரு கோடு போட்டு விட்டிருப்பார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது சுகம். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறவருக்கு? காலபோகம் (மாரிகால நெல்) சரிவந்தால் ஒரு தொகை, அறுவடை நேரம் வெள்ளம் வந்தால் கடன். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் விதைப்பு. அதற்கிடையில் மேட்டுக்காணியில் கச்சான் கடலை, கச்சானுக்குள் பன்றி. நான் மூன்று வருசத்தைக் கூட்டி மூன்றால் பிரித்து எழுதுவேன். பக்கத்துப் பிரிவில் இருந்தவர் போன வருசத்தை மட்டும் எழுதுவார். இரண்டு பேரும் களவு செய்யவில்லை. ஆனால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள், சந்தோசம். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதை இன்னும் ஒரு கிராம அலுவலரின் பெருக்கல், வகுத்தல்தான் தீர்மானிக்கிறது. சில வேளை நான் வேண்டுமென்றே குறைத்தும் எழுதியிருக்கிறேன். ஓய்வூதியம் எடுக்கிறவன், இனிச் சொல்வதில் பயமில்லை.

கணக்கு எங்களை எப்படி நடத்தும் என்பது வன்னிக்குப் புதிதல்ல. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 இடம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 இடம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று எங்கள் வன்னியின் நான்கு மாவட்டமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் சனத்தொகை 20,359,439, முல்லைத்தீவில் 92,238. ஒரு துறைக்கு ஆயிரம் இடம் இருந்தால் மாவட்டப் பங்கு 550. அதில் அந்தக் கணக்குப்படி முல்லைத்தீவுக்கு வருவது இரண்டரைப் பேர். இரண்டாகுமா மூன்றாகுமா என்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கை. இப்படிப்பட்ட கணக்கெடுப்பை 2001இல் எங்கள் மாவட்டத்திலும் கிளிநொச்சியிலும் எடுக்கவேயில்லை. 1981க்குப் பிறகு 2012 வரை மதிப்பீட்டில்தான் ஓட்டினார்கள். அந்த 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் மார்ச் மாதத்தில் நடந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மனிக் பாம் முகாம் மூடப்பட்டதோ செப்டெம்பரில். அப்போது முகாமில் மிஞ்சியிருந்த எங்கள் சனம் எந்த மாவட்டக் கணக்கில் விழுந்தது என்று நான் கேட்டுத் திரிந்தேன். ஆளுக்கொரு மறுமொழி சொன்னார்கள்.

(1970களில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தல் என்றதும் கொதிக்கிற தலைமுறை என்னுடையது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்துக்கு அடியாக விழுந்தபோது, மன்னாரிலும் வவுனியாவிலும் சில வீடுகளில் முதல் பட்டதாரியை உண்டாக்கியது. கிளிநொச்சியார் பாவம், 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிடந்தார்கள். எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதும் ஒரு தரவுதான்.)

இவ்வளவும் உள்ளே போகிறவரைப் பற்றிய கணக்கு. வெளியே வருகிறவரை யார் எண்ணுகிறார்கள்? எங்கள் பிரிவுப் பிள்ளை ஒருத்தி தெற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முதலாம் அரையாண்டு முடியமுன்னம் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பகிடிவதை என்று ஊரில் சிலர் கதைத்தார்கள், காசு என்று சிலர். என்னிடம் அவள் சொன்ன காரணம், அம்மம்மாவைப் பார்க்க ஆளில்லை. இப்போது கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவள் எந்தப் படிவத்திலும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசா வருசம் வெளியிடும் புள்ளிவிவரத்தில், எங்கள் மாவட்டத்திலிருந்து தெரிவானவர்களில் ஒருத்தியாக இருப்பாள். பட்டம் வாங்க வருகிறவரிடம் வேலை கிடைத்ததா என்று கேள்விக்கொத்து நீட்டுகிறார்கள். அங்கியோடு வந்து நிற்கிறவரிடம் கேட்டால் அங்கி போடாதவரின் கதை எப்படி வரும்? என் சேவைக் காலம் முழுவதும், இந்தப் பிரிவிலிருந்து போன பிள்ளைகளில் யார் படிப்பை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒரு திணைக்களமும் என்னிடம் கேட்டு எழுதியதில்லை. வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் அரை நாளில் சொல்லியிருப்பேன்.

கேட்காததைத்தான் கேட்கவில்லை, கேட்டதையாவது பத்திரமாக வைத்திருந்தார்களா? போன வருசம் சந்தையில் ஓர் ஆச்சியிடம் கச்சான் வாங்கினேன். சுருளை விரித்தால் உள்ளே யாரோ ஒரு மாணவியின் விண்ணப்பப் பிரதி: முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தாயின் தொழில் 'கூலி' என்று. எந்த அலுவலகத்துக் கழிவுக் கடதாசி என்று ஆச்சிக்கும் தெரியாது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இலேயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. இங்கே ஒரு படிவத்தைக் கண்டால் சனம் "ஏன் ஐயா இதெல்லாம் கேக்கினம்?" என்று என்னைப் பார்ப்பது சும்மா இல்லை. 2009இல் முகாமுக்குள் ஒரே பெயரை எத்தனை தரம் எத்தனை சீருடைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆகவே, தரவைத் திரட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவத்தை அச்சடிக்கமுன் முல்லைத்தீவில் ஒரு பத்துத் தாய்மாரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே தமிழில் எழுதுங்கள். ஒரு திணைக்களத்துக்குக் கொடுத்த அத்தாட்சியை மற்றத் திணைக்களத்துக்கு மூன்றாம் தரமும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். முத்தையன்கட்டிலிருந்து பிரதேச செயலகத்துக்குப் பஸ் நினைத்த நேரத்துக்கு வராது. படிப்பை விட்டவருக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

கட்டுரையாளர் யோசனையோடு நின்றார், நான் நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களில் பட்டம் எடுக்காமல் திரும்பியவர் எத்தனை பேர் என்பது கேள்வி. ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். என் தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்றும் அதில் கேட்கவில்லை. மறுமொழி வந்தால் உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.