முழு மயக்கம் வேண்டாம் என்று சொன்னது ஏன்

அன்புள்ள கார்த்திக்,

என் கால் ஆபரேஷனுக்கு "முழு மயக்கமே போட்டுக்கோம்மா, ஒண்ணும் தெரியாது" என்று போனில் சொன்னாய். அப்பா கட்சியும் அதுதான். பேசினால் நீ குறுக்கே பாய்வாய், அதனால் எழுதுகிறேன்.

கால் கட்டைவிரல் எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போடுவார்கள். அதற்கு நான் பயப்படவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷன் படி ஏற முடிந்தால் போதும். சர்க்கரையில் நரம்பு கெட்டு ராத்திரியெல்லாம் எரிகிற காலில் மரத்துப்போகிற ஊசியும் போட்டால் என்ன ஆகுமோ என்பதுதான் கவலை. அதனால் மயக்க மருந்து டாக்டரைக் குடைந்துவிட்டேன்.

முழு மயக்கத்தில் வெட்டும்போது தெரியாது, சரி. விழித்ததும் வலி மொத்தமாக வரும். அதை அடக்க மார்ஃபின் மாதிரி மருந்து கூடுதலாக வேண்டும். நரம்பு எரிச்சலுக்கு நான் ராத்திரி போடும் ப்ரீகாபலின் மாத்திரையோடு அது சேர்ந்தால் மூச்சு மந்தமாகலாம். முதுகில் போடும் ஊசியில் பிரஷர் இறங்கும். எழுந்து நின்றாலே தலை சுற்றுகிற எனக்கு அதுவும் யோசனைதான்.

டாக்டர் சொல்வது பிளாக். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முழங்காலுக்குப் பின்னால் நரம்பைச் சுற்றி மருந்து விட்டு, காலை மட்டும் மரத்துப்போக வைப்பது. பாதத்தின் உள்பக்கத்துக்குத் தனியாக இன்னொரு ஊசி. கெட்ட நரம்புக்கு இதனால் மேலும் கெடுதல் வரவே வராதா என்று கேட்டேன். "வரலாம், வாய்ப்பு குறைவு" என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்தது. சர்க்கரைக்காரர்களுக்கு மரப்பு நீண்ட நேரம் நிற்குமாம், அதனால் மருந்தைக் குறைத்துப் போடுவாராம். காலில் ஊசியால் குத்திக் குத்தி, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று இப்போதே எழுதி வைத்துக்கொண்டார். பின்னால் ஏதாவது ஆனால் பழசு எது, புதுசு எது என்று தெரிய வேண்டுமே.

ப்ரீகாபலினை ஆபரேஷன் அன்றும் விடக்கூடாது. சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் இன்னும் ஏறும். சர்க்கரை மாத்திரைக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது. இதை அத்தையிடம் நீயே சொல். நான் சொன்னால் வைத்தியம் பேசத் தொடங்கிவிடுவாள்.

நீ லீவு போட்டுக் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வேண்டாம். ராத்திரி என் பக்கத்தில் இரு. மரப்பு விடும்போது வலி ஒரேயடியாக வருமாம், அதற்கு முன்னாலேயே வலி மாத்திரை போட்டாக வேண்டும். அப்பா படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார்.

அன்புடன்,
அம்மா